போராடிப் பெற்ற கதவு

பணிமனையில் எல்லாருக்கும் அவள் தங்கச்சிதான். சம்பள நாளில் மட்டும் அவளுடைய சொந்தப் பெயர் ஒரு தடவை வெளியே வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். மற்றபடி மேனேஜர் முதல் பஸ் கழுவுகிறவர் வரை தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். தலை பாதி நரைத்து, மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகும், நேற்று வேலைக்குச் சேர்ந்த மெக்கானிக்கூட, "தங்கச்சி, உங்க வண்டி பிரேக்கைப் பாத்தாச்சு" என்பான். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அக்கா என்று ஒருத்தி அங்கே இருக்கும்போது தங்கச்சி என்று ஒருத்தி இருந்துதானே ஆகவேண்டும்.

அந்தப் பணிமனையில் முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடித்த பெண் அக்கா. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு தங்கச்சிக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதும், லாரி ஓட்டப் பழக்கியதும், "உன்னால முடியாதுன்னு எவன் சொன்னான்?" என்று கையைப் பிடித்து இழுத்துவந்து வேலைக்கு மனுப்போட வைத்ததும் அவள்தான்.

அந்த நாளில் பணிமனையில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கிடையாது. ஆண்களுக்கும் பின்பக்கச் சுவர்தான். ஒரு மத்தியானம் மேம்பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றுபோயின. அக்கா அடக்கி அடக்கிப் பார்த்தாள். கடைசியில் சீட்டிலேயே நனைந்துவிட்டாள். அப்படியே வண்டியைக் கடைசி நிறுத்தம் வரை ஓட்டிக்கொண்டு போய், எல்லாரும் இறங்கிப் போகிறவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் அவள் சீட்டின்மேல் யாரோ ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து வைத்திருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா அந்த ஷீட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பினாள், பணிமனை வாசலில் குறுக்காக நிறுத்தினாள், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். உள்ளேயிருந்த ஒரு வண்டியும் வெளியே போக முடியவில்லை. போராட்டம் அப்படித்தான் ஆரம்பித்தது.

இருந்த சில பெண்களும் கைகோத்துச் சங்கிலியாக வாசலில் உட்கார்ந்தார்கள். மழை பெய்தது, போலீஸ் வந்தது, வேலை போகும் என்று மிரட்டினார்கள். ஒருத்தியும் எழவில்லை. வண்டிகளை ஓட்டுவதற்கு நிர்வாகம் அணைக்காரர்களைக் கூட்டிவந்தது. அணை கட்டியபோது ஊரும் நிலமும் தண்ணீருக்குள் போய், நகரத்துக்கு வெளியே தகரக் கூரை வரிசைகளில் கொண்டுவந்து குடிவைக்கப்பட்ட ஜனங்கள் அவர்கள். கிடைத்த வேலையைச் செய்து பிழைத்தார்கள். அன்றைக்குக் கிடைத்தது அந்த வேலை. அவர்களில் ஒருவன் ஓட்டிய வண்டி பெண்களை உரசிக்கொண்டு போனதில் அக்காவின் முழங்கை நொறுங்கியது. இன்றைக்கும் அந்தக் கை முழுசாக நீளாது. கொக்கி மாதிரி மடங்கியே இருக்கும்.

கடைசியில் பெண்கள் ஜெயித்தார்கள். இளம்பச்சைச் சுவரும், கட்டில்களும், நிலைக்கண்ணாடியும், தாழ்ப்பாள் சரியாக விழுகிற கழிப்பறைகளுமாக ஓர் ஓய்வறை வந்தது. 'பெண் பணியாளர் ஓய்வறை. போராடிப் பெற்றது' என்று வாசலில் பலகை மாட்டினார்கள். அக்கா இந்தக் கதையை மேடைகளில் தானே சொல்வாள், சீட்டில் நனைந்ததைக்கூட விடமாட்டாள். "வெக்கப்பட வேண்டியது நான் இல்ல. எனக்கு ஒரு கதவு வைக்காதவங்க" என்பாள். கேட்கிற பெண்கள் அழுவார்கள். எத்தனையோ முறை கேட்டிருந்தும் தங்கச்சி அந்த இடத்தில் முதல் ஆளாகக் கைதட்டுவாள். இப்படி ஓர் அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று இருக்கும்.

அணைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் போக்குவரத்தில் வேலை கொடுக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்த வருஷம், அந்தப் பணிமனைக்குப் புதிதாக நடத்துநர்கள் வந்தார்கள். அதில் மூன்று நாலு பேர் பெண்கள். ஒருத்தியைத் தங்கச்சியின் வண்டியில் போட்டார்கள். ஒல்லியான பெண். காக்கிச் சட்டைக்குள் அவளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் விசில் ஊதினால் பக்கத்துத் தெரு வண்டியும் நின்றுவிடும். முதல் நாளே தங்கச்சி திரும்பிப் பார்த்து, "ஏம்மா, நான் டிரைவர்தான், ரயில் எஞ்சின் இல்ல" என்று சொல்ல, பயணிகளோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். வார்த்தைகளின் கடைசியை இழுத்து இழுத்துப் பேசுவது அணைக்காரர் வழக்கம். "டிரைவரக்காஆ" என்று அவள் கூப்பிடுவது தங்கச்சிக்குப் பிடித்துப்போயிற்று. குடித்துவிட்டு ஏறுகிறவனைக்கூடச் சத்தம் போடாமல் இறக்கிவிடுவாள். எந்தக் கிழவர் எங்கே இறங்குவார் என்று ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள்.

முதல் நாள் இடைவேளையில் அவள் இயல்பாகத் தங்கச்சியின் பின்னாலேயே ஓய்வறைக்குள் வந்தாள். உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. கட்டிலில் சாய்ந்திருந்த ஒருத்தி எழுந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் முகம் கழுவிக் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் போன பிறகு, இன்னொருத்தி கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சியும்தான்.

அந்த வாரமே, போராட்டத்தின்போது ஆரம்பித்த பெண்கள் சங்கத்தின் கூட்டத்தை அக்கா கூட்டினாள். கூட்டம் ஓய்வறையிலேயே நடந்தது. அக்கா குரலை உயர்த்தவில்லை. எப்போதும் போலப் பொறுமையாக, ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துப் பேசினாள்.

"நான் யாரையும் மட்டமா நெனைக்கல. அவங்களும் மனுஷங்கதான். ஆனா இந்த ரூம் எதுக்கு வந்துச்சு? அடிபட்ட பொம்பளைங்க பயமில்லாம மூச்சு விடுறதுக்கு. என் கைய ஒடச்சவங்க வீட்டு ஆளு இங்க வந்து உக்காந்தா எனக்கு மூச்சு முட்டுது. என் வலிய மதின்னு கேக்குறது என் உரிமை இல்லையா? நம்ம உரிமையைப் புடுங்கித்தான் அவங்களுக்குக் குடுக்கணும்னா, அதுக்குப் பேரு சமத்துவமா?"

கேட்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வலி, உரிமை, மதிப்பு என்று அந்த அறையைக் கட்டிய அதே வார்த்தைகள், வரிசை மட்டும் எங்கோ மாறியிருந்தது. எங்கே என்று தங்கச்சிக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியைத் துடைத்தவள் எழுந்து, அவங்க சுத்தபத்தமே வேற மாதிரி என்று ஆரம்பித்தாள். அக்கா அவளைக் கண்டித்து உட்கார வைத்தாள். அப்படியெல்லாம் பேசுவது தப்பு, இது வெறுப்பு இல்லை, கொள்கை என்றாள். அதைக் கேட்டுப் பெண்கள் தலையாட்டினார்கள். தாங்கள் கெட்டவர்கள் இல்லை என்று தெரிந்ததில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி.

கதவுக்குப் பூட்டு, சங்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு சாவி. சங்கத்தில் புதிதாகச் சேர வேண்டுமென்றால் போராட்டத்தில் இருந்த ஒருத்தி கைகாட்ட வேண்டும். சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள் அக்கா. தங்கச்சியின் கையும் மேலே போனது. அக்காவின் கை தூக்கியிருக்கும்போது தன் கை கீழே இருந்ததாக அவளுக்கு நினைவே இல்லை.

மறுநாள் அந்தப் பெண் பூட்டைப் பார்த்துவிட்டு வந்து, "சாவி யாருகிட்ட இருக்கு டிரைவரக்கா?" என்று கேட்டாள்.

சாவி தங்கச்சியின் பாக்கெட்டில் இருந்தது. "தெரியலம்மா. மேனேஜரக் கேட்டுப் பாரு" என்றாள். சொல்லிவிட்டு, வண்டிக் கண்ணாடியைத் திருப்புகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. எப்போதும் போல விசில், எப்போதும் போலச் சில்லறைச் சண்டை. ஒரு வித்தியாசம்தான். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் தங்கச்சி தண்ணீர் பாட்டிலை நீட்டினால், வாங்கி உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவாள். கடைசி நிறுத்தத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அதன் பின்னாலிருந்த கழிப்பறைக்கு ஒருநாள் போனவள், வாசலில் நின்றுகொண்டிருந்த லாரிக்காரர்களைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே திரும்பி வந்தாள். தங்கச்சி எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்த்தாள். வண்டியில் அவளுக்கு எத்தனை கண்ணாடிகள்! பின்னால் வருகிறது எதுவும் அவளுக்குத் தப்பாது.

ஒரு மத்தியானம் மில் கேட்டைத் தாண்டியதும் விசில் வரவில்லை. யாரோ, "வண்டிய நிறுத்துங்க" என்று கத்தினார்கள். ஓரங்கட்டி ஓடிப்போய்ப் பார்த்தால் அந்தப் பெண் பின்படியருகே சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. தங்கச்சி பயணிகளோடு வண்டியை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டாள். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு வந்து, சிறுநீரகத்தில் கிருமி ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார். நாள் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லையா என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவள் சுவரைப் பார்த்தாள். டாக்டரம்மா இரண்டு பேருடைய காக்கிச் சட்டையையும் பார்த்துவிட்டு, "உங்க டிப்போவுலதானே லேடீஸ் எல்லாம் போராடி ரெஸ்ட் ரூம் வாங்குனீங்க? நான் படிக்கிறப்போ பேப்பர்ல பெருசா வந்துச்சே" என்றார்.

அந்தப் பெண் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். தங்கச்சி பாக்கெட்டில் கிடந்த சாவியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சீருடையைக்கூட மாற்றாமல் அக்கா வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் ஒரு தைரியம் இருந்தது. அக்காவுக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்தால் அந்தப் பூட்டைத் தன் கையாலேயே உடைத்துப் போடுவாள். அக்காவைப் பற்றித் தனக்குத் தெரியாதா!

அக்கா மடங்கிய கையால் வெங்காயத்தை அழுத்திப் பிடித்து, மற்றக் கையால் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். அவள் முகத்தில் நிஜமாகவே வருத்தம் தெரிந்தது. "பாவம், சின்னப் பொண்ணு" என்றாள். தங்கச்சிக்கு மூச்சு வந்தது.

"அதுக்குத்தான் சொல்றேன். அவங்களுக்குத் தனியா ஒண்ணு கட்டிக் குடுக்கட்டும். அதுக்கு வேணா நானே முன்ன நின்னு போராடுறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பொறுக்கணும். நாம பொறுக்கலையா?"

"உன் கை ஒடைஞ்சப்ப அவ கைக்கொழந்தைக்கா. அவ என்ன பண்ணுனா?"

"வலி அதெல்லாம் பாக்காதுடி" என்றாள் அக்கா. கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். ஒருத்தி பாவம் என்று இன்றைக்குக் கதவைத் திறந்தால், நாளைக்கு மெக்கானிக்குகளும் பாவம் என்பார்கள், நாளை மறுநாள் அந்த அறையே இருக்காது என்றாள். உரிமை என்பது கைக்குழந்தை மாதிரி, கொஞ்சம் அசந்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றாள்.

தங்கச்சிக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அன்னிக்கு மேனேஜரும் உன்னப் பொறுத்துக்கோன்னுதான் சொன்னாரு" என்று சொல்லிவிட்டாள்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியது வெங்காயத்தால் இல்லை. "என்னப் பாத்து இப்படிச் சொல்ல உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?"

தங்கச்சி பதறிப்போனாள். தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா தட்டு வைத்துப் பரிமாறினாள். தங்கச்சி சாப்பிட்டாள். தெருவுக்கு வந்து பாதி தூரம் நடந்த பிறகுதான், ஆஸ்பத்திரியில் ஒருத்தி கிடக்கிறாள், நான் இங்கே மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்பது உறைத்தது. 

ஆஸ்பத்திரியிலிருந்து விஷயம் எப்படியோ மேனேஜர் காதுக்குப் போயிற்று. அவர் நியாயத்துக்குப் பயந்தவர் இல்லை, செய்திக்குப் பயந்தவர். ஓய்வறை எல்லாப் பெண்களுக்கும் பொது, பூட்டை எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அக்கா அன்றே போராட்டம் அறிவித்தாள்.

காலையில் தங்கச்சி பணிமனைக்கு வந்தபோது ஓய்வறை வாசலில் பெண்கள் கைகோத்துச் சங்கிலியாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தோளிலும் கறுப்புத் துணி. போராட்டக் காலத்துப் பலகைகளைத் தூசி தட்டி எடுத்து வந்திருந்தார்கள். 'எங்கள் உடல், எங்கள் மானம், எங்கள் கதவு' என்று எழுதியிருந்த எழுத்துகூட அக்காவின் பழைய கையெழுத்துதான். டிவிக்காரர்கள் கேமராவோடு நின்றார்கள். பேசி நிறுத்திவிடலாம் என்றுதான் தங்கச்சி வந்தாள். ஆனால் அக்கா அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, மடங்கிய கைப்பக்கம் இடத்தைக் காட்டி, "இந்தக் கைய வேற யாருகிட்டயும் குடுக்க முடியாதுடி" என்றாள். தங்கச்சி உட்கார்ந்தாள். யாரோ அவள் தோளிலும் ஒரு கறுப்புத் துணியைப் போட்டார்கள். அக்காவின் கை அவள் கைக்குள் வந்து கொக்கியாக மாட்டிக்கொண்டது.

அந்தப் பெண் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வேறொரு ஓட்டுநரோடு முதல் டிரிப் போய்விட்டு வந்தாள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கதவு திறந்துவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி, வண்டியிலிருந்து குதித்து வேகவேகமாக வந்தவள், சங்கிலியைப் பார்த்ததும் நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் வழி விடுங்க. அவசரம்" என்றாள் அக்காவிடம்.

கேமரா திரும்பியது. அக்கா எழவில்லை. தலையை லேசாகத் தாழ்த்தி, மரியாதையாகச் சொன்னாள். "உன்மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்லம்மா. இது தனி ஆளப் பத்தின விஷயம் இல்ல. கொள்கை."

"மாத்திரை சாப்பிடுறேன்மா. அடக்க முடியாது."

"நிர்வாகத்துகிட்ட கேளும்மா. உனக்கு அங்க உரிமை இருக்கு."

அந்தப் பெண் தங்கச்சியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். தங்கச்சி கையை உருவப் பார்த்தாள். வரவில்லை. "இழுக்காதடி, வலிக்குது" என்றாள் அக்கா காதோரமாக. சின்ன வயதிலிருந்து கேட்ட குரல். அந்தக் கைக்கு வலிக்கும் என்றதும் தங்கச்சியின் உடம்பு தானாக அடங்கியது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும்.

அந்தப் பெண்ணின் காக்கிப் பேண்ட்டில் ஈரம் படர்ந்து இறங்கியது. காலணியைச் சுற்றித் தரை கறுத்தது. அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. டிக்கெட் பையை மட்டும் இரண்டு கையாலும் முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோஷம் நின்றுபோயிற்று. வரிசையில் எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

தங்கச்சி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை.  இப்போது எழுந்துவிடுவாள், இதோ எழுகிறாள் என்று தங்கச்சி நினைத்தாள். உலகத்தில் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாத ஒருத்தி உண்டென்றால் அது அக்காதான்.

அக்கா பக்கத்திலிருந்த மைக்கை எடுத்தாள்.

"பாருங்க. எல்லாரும் நல்லாப் பாருங்க. நம்ம சங்கத்த ஒடைக்கிறதுக்காக ஒரு பொண்ண எந்த நிலைமைக்குக் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க பாருங்க. இந்தக் கொடுமைக்கு எதிராத்தான் நாங்க இங்க உக்காந்திருக்கோம்."

பெண்கள் மறுபடி கோஷம் எழுப்பினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தங்கச்சி, தான் கேட்டது சரிதானா என்று சுற்றிலும் பார்த்தாள். எல்லார் முகத்திலும் ஒரு பெருமிதம். வெறிநாயைக் கண்ட மாதிரி அவள் உடம்பு தூக்கிப்போட்டது. பலமாக இழுத்தாள். அக்கா அலறினாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து ஓடி, தோளில் கிடந்த கறுப்புத் துணியை உருவி அந்தப் பெண்ணின் இடுப்பில் சுற்றப் போனாள்.

"தொடாதீங்க" என்றாள் அந்தப் பெண். வார்த்தைக் கடைசியில் வழக்கமான இழுவை இல்லாத, வெட்டிப்போட்ட மாதிரியான குரல். திரும்பி, பஸ் கழுவுகிற இடத்தைத் தாண்டி, வெளிவாசலை நோக்கி நடந்தாள்.

தங்கச்சி அதற்குப் பிறகு செய்தது யாருக்கும் உபயோகமில்லாத காரியம். பாக்கெட்டிலிருந்த சாவியை எடுத்து, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிப் போய்ப் பூட்டைத் திறந்தாள். கதவைச் சுவரில் இடிக்கும்படி அகலமாகத் தள்ளினாள். உள்ளே கட்டிலும் கண்ணாடியும் பளிச்சென்று இருந்தன. போவதற்குத்தான் ஆள் இல்லை.

மறுநாள் தங்கச்சி தகரக் கூரை வரிசையில் விசாரித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். அம்மாக்காரி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து அந்தப் பெண்ணே வந்து, அம்மாவை உள்ளே போகச் சொல்லிவிட்டு, நிலைப்படியில் நின்றபடி பேசினாள். 

"சாவி மொத நாள்லேர்ந்தே உங்ககிட்டதான் இருந்துச்சு, இல்லையா?"

"ஆமா."

"தெரியும். நீங்க நடக்கும்போது சத்தம் கேக்கும்" என்றாள் அந்தப் பெண். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று உள்ளே போனாள்.

டிவியில் அக்காவின் பேச்சு மட்டும்தான் வந்தது. நிர்வாகமும் சங்கமும் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. பழைய டயர் போட்டு வைக்கிற கிடங்கைக் காலிசெய்து, டைல்ஸ் ஒட்டி, குழாய் வைத்து, 'அணைக் குடியிருப்புப் பெண் பணியாளர் ஓய்வறை' என்று பலகை மாட்டினார்கள். ரிப்பன் வெட்டியது அக்கா. யாருக்கும் நஷ்டமில்லை, இருவருக்கும் உரிமை கிடைத்துவிட்டது என்றாள். மேனேஜர் கைதட்டினார். குடியிருப்பிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர்களும் தட்டினார்கள். டைல்ஸ் இங்கேதான் நன்றாக இருக்கிறது என்று பழைய பெண்களில் ஒருத்தி பொறாமையாகச் சொன்னாள். தங்கச்சி மட்டும் அந்தப் பலகையை இரண்டு தடவை படித்தாள். டயர் வாசனை இன்னும் போகவில்லை.

கொஞ்ச நாளில் ஊரில் ஒரு மகளிர் அமைப்பு அக்காவுக்கு விருது கொடுத்தது. தங்கச்சியும் போயிருந்தாள். போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அக்கா மேடையில் மேம்பாலத்தைச் சொன்னாள், பிளாஸ்டிக் ஷீட்டைச் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. சமீபத்தில் ஓர் அணைக்காரப் பெண் தன் கண்ணெதிரே அதே நிலையில் நின்றாள் என்றாள். "அவ ரூபத்துல நான் என்னையே பாத்தேன். அன்னிக்கே முடிவு பண்ணுனேன். அவளுக்கும் ஒரு கதவு வாங்கிக் குடுக்காம ஓய மாட்டேன்னு. வாங்கிக் குடுத்தேன்."

அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அக்காவின் கன்னத்திலும் கண்ணீர் வழிந்தது. அது நடிப்பில்லை என்பதுதான் தங்கச்சியை உலுக்கிவிட்டது. பொய் சொல்கிறாள் என்றால் சண்டை போடலாம். அக்கா பொய் சொல்லவில்லை, நம்புகிறாள்.

தங்கச்சி எழுந்து நின்றாள். "அக்கா, அந்தப் பொண்ண மறிச்சதே நாமதான். நீயும் நானும் கைகோத்துக்கிட்டு மறிச்சோம்" என்றாள். குரல் முன்வரிசை வரை கேட்டது. தலைகள் திரும்பின.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கனிவாகச் சிரித்தாள். "என் தங்கச்சிங்க. ரொம்ப எளகின மனசு. நடந்ததுக்கெல்லாம் தான்தான் காரணம்னு நெனைச்சுக்குவா" என்றாள். அரங்கம் தங்கச்சிக்காகவும் ஒருமுறை கைதட்டியது. பக்கத்தில் இருந்த அம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து உட்கார வைத்தாள்.

தங்கச்சி சாவியைச் சங்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊரின் மறுகோடியில் இருந்த பணிமனைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே ஒரே ஒரு கழிப்பறைதான், தாழ்ப்பாள் சரியாக விழாது. எல்லாரும் ஒருத்திக்கொருத்தி வாசலில் காவல் நின்று போய்வருகிறார்கள். அந்தப் பெண் நடத்துநர் வேலையை விட்டுவிட்டு எங்கோ கடையில் இருக்கிறாள் என்று கேள்வி. எங்கே என்று தங்கச்சி விசாரிக்கவில்லை. விசாரித்துப் போய் நின்றால், அதையும் அவள்தானே தாங்கிக்கொள்ள வேண்டும்.

அக்கா மட்டும் விடாமல் போன் செய்கிறாள். சாப்பிட்டாயா, மகளுக்குக் காய்ச்சல் விட்டதா, கால்வலி எப்படி இருக்கிறது என்று எல்லாம் கேட்பாள். தங்கச்சியும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள். வளர்த்தவள் அல்லவா, பாசம் எங்கே போகும். போன வாரம் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது அக்கா சற்று நிறுத்தி, "இன்னும் என்மேல கோபமாடி?" என்று கேட்டாள்.

"கோபம் இல்லக்கா" என்றாள் தங்கச்சி. "பயமா இருக்கு."

"பயமா? எதப் பாத்து?" என்றாள் அக்கா, நிஜமாகவே ஒன்றும் புரியாமல்.